கட்டம்

நாடு முழுவதையும் தொண்ணூறு மீட்டர் சதுரங்களாக
வெட்டி அனுப்பியிருக்கிறார்கள்.
என் பங்குக்கு வந்தவை
தாமிரபரணிக் கரையில் பதினொன்று.
தோளில் ஜிபிஎஸ், கையில் அளவுகோல்,
கைப்பேசியில் ஒரு படிவம்:
ஆழம். வேகம். தலைகள். சொத்து மதிப்பு.
கடைசியில் குறிப்பு, நாற்பது குறிகளுக்குள்.

மார்கழி பிறந்த ராத்திரி
தண்ணீர் எதுவரை வந்தது என்று
கைலாசபுரத்தில் வாசல் வாசலாகக் கேட்டேன்.

உலகநாதன் வீட்டு முகப்பில் புதுப் பெயின்ட்.
"முழங்காலுக்குத்தான் சார், அப்படியே எழுதிக்கிடுங்க."
வீட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்.
அடுத்த வாசலில் தளவாய்
எக்கி நின்று
தலைக்கு மேல் ஒரு முழம் காட்டினார்.
நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போயிருந்தது.
இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான்.

மாவு மில்லில் மின்மீட்டரைப் பார்த்தேன்.
கண்ணாடிக்குள் பாதிவரை வண்டல்.
அதற்கு விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

உலகநாதனின் பின்கட்டில் வாடகைக்கு ஜெபராணி.
பீரோவை நகர்த்தாமலே
சுவருக்கு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
ஒரு சாண் தள்ளினோம்.
நூல் பிடித்தாற்போல் செம்பழுப்பில் ஒரு கோடு.
பீரோவின் துருவும்
அதே உயரத்தில் நின்றிருந்தது.
அளவுகோலை வைத்தேன்: ஒன்று எழுபத்திரண்டு.
அவள் என் தோளுக்குத்தான் வருவாள்.

"எங்க கட்டத்துல என்ன போட்டிருக்கு?"
ஜோசியரிடம் கேட்கிற குரல்.
நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வெள்ளம், என்றேன்.
"அப்போ இன்னும் தொண்ணூத்தொம்பது வருஷம்
பயமில்லைன்னு சொல்லுதியளா?"
இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒன்று.
போன ஆட்டம் என்ன விழுந்தது என்று
தாயக்கட்டைக்கு ஞாபகம் இருக்காது.
"முப்பது வருசம் இங்கயே கெடந்தா?"
மனக்கணக்குப் போட்டேன்.
நாலில் ஒன்றுக்குச் சற்று மேல்.
"அது ரொம்பல்லா," என்றாள்.

ரொம்பத்தான்.
ஆனால் தலைமையகத்தின் சுவரில்
பிரம்மபுத்திரா அடர்நீலம். கோசி அடர்நீலம்.
அடர்நீலத்துக்குத்தான் முதல் பணம்.
நூறு மைல்கூட ஓடாத எங்கள் ஆறு
அந்தப் படத்தில் ஒரு நகக்கீறல்.
சின்ன ஆறுதான்.
அதனால்தான்
பொழுது சாயும்போது மலையில் பெய்தது
கோழி கூவுமுன் கட்டிலுக்கடியில் வந்து நிற்கிறது.

இரவு போனில் மேலதிகாரி சொன்னார்:
கட்டத்துக்கு ஒரு எண்தான்.
முழங்காலையும் தலைக்கு மேல் முழத்தையும்
மீட்டரையும் பீரோவையும் போட்டுக் குலுக்கி
ஒன்று நாற்பது என்று பதிந்தாயிற்று.
அந்தத் தெருவில் எந்த வீட்டிலும்
தண்ணீர் அந்த உயரத்தில் நிற்கவில்லை.

கிளம்பும்போது ஜெபராணி கேட்டிருந்தாள்:
"குறுக்குத்துறையில வெள்ளம் வருமுன்னால
முருகனை மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருதாங்க.
அவருக்குச் சொல்ல ஆள் இருக்கு.
பாபநாசத்துல மதகு தொறந்தா
எங்களுக்கு எத்தனை மணி நேரம் முன்னால சொல்லுவீங்க?"

ஆழத்துக்குக் கட்டம் இருந்தது, வேகத்துக்கு இருந்தது.
மணி நேரத்துக்கு இல்லை.
குறிப்பில் அவள் சொன்னபடியே அடித்தேன்.
'பாபநாசத்துல மதகு தொறந்தா எங்களுக்கு எத்த'
அதற்குமேல் ஏற்கவில்லை.
அப்படியே அனுப்பினேன்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது
அவள் பீரோவைப் பழைய இடத்துக்குத்
தள்ளிக்கொண்டிருந்தாள்,
கோட்டுக்கு
ஒரு விரற்கடை விட்டு.